பரணிலிருந்து இறங்கிய டிவி கேம் ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

நீலகிரியில் பரணிலிருந்து இறக்கப்படும் பழைய டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை செத்தவை அல்ல, ஈரம் ஏறியவை. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கூடலூர், தேவாலா பக்கத்து வீடுகளில் சுவர் வியர்க்கும். வடகிழக்குப் பருவத்தில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதே நிலை வரும். இரண்டு மழைக்கும் நடுவில் மூடுபனி. முப்பது ஆண்டுகள் இப்படிக் கிடந்த செம்புத் தகட்டில் களிம்பு பிடிக்காமல் இருக்குமா? அதைப் பார்க்காமல் ‘சிப் போய்விட்டது’ என்று முடிவு கட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போகவிருந்த பல பெட்டிகளைத் துடைத்தே ஓடவைத்திருக்கிறேன். அதனால் இங்கே எல்லா அறிகுறிகளிலும் துடைப்பது முதலில் வரும், ஈயம் வைப்பது (சால்டரிங்) கடைசியில் வரும்.

இது முதன்மையாக 60 பின் கேசட் போடும் பெட்டிகளுக்கானது. நின்டென்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமும், அதைப் பார்த்துச் செய்து 90-களில் நம் ஊர் ஃபேன்சி கடைகளில் விற்ற நகல்களும் இதில் அடங்கும். 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக இந்தியாவில் விற்பனைக்கு வந்த சேகா மெகா டிரைவ் வைத்திருப்பவர்களுக்கும் மின்சாரம், கேசட், படம் பற்றிய பகுதிகள் பயன்படும். ஜாய்ஸ்டிக் பகுதி மட்டும் பொருந்தாது.

தொடங்குமுன்

ஒரு மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், வெள்ளை அழிரப்பர், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆகியவை போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். நம் ஊர்க் குளிரில் அது காய்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஆகவே அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பரணிலிருந்து இறக்கிய உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் குளிர்ந்து கிடந்த பெட்டியை, அடுப்பெரிந்து வெதுவெதுப்பாக இருக்கும் அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே சர்க்யூட் பலகையின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். திறந்து வைத்து ஓர் இரவு விடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அடாப்டரையும் கேசட்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

எந்தச் சூழ்நிலையிலும் பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சியின் பின்மூடியைத் திறக்காதீர்கள். வண்ணத் தொலைக்காட்சிக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கும். தொலைக்காட்சியின் உள்ளே பழுது என்று தெரிந்தால் அது மெக்கானிக் வேலை.

அறிகுறி 1: சுவிட்சைப் போட்டால் விளக்கே எரியவில்லை

முதல் சந்தேகம் அடாப்டர். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அடாப்டரின் முனையை அளந்து பாருங்கள். எண்ணே வராவிட்டால் பெரும்பாலும் வயர்தான் அறுந்திருக்கும். பிளக்கின் கழுத்துப் பகுதியை மெல்ல வளைத்துக்கொண்டே அளந்தால் எண் வந்து வந்து போகும். ‘9 வோல்ட்’ என்று எழுதியிருக்கும் கனமான பழைய அடாப்டர் 12, 13 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம். சுமை இல்லாதபோது அந்த வகை அப்படித்தான் காட்டும்.

புதிய அடாப்டர் வாங்கினால் முனையின் துருவம்தான் முக்கியம். ஃபேமிகாமிலும் அதன் நகல்களில் பலவற்றிலும் நடு முனை எதிர்மறை, வெளிவட்டம் நேர்மறை. இன்று கடையில் கிடைக்கும் ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். முனை பொருந்துகிறது என்பதற்காக அதைச் சொருகினால் பெட்டி ஒரு நொடியில் போய்விடும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் வட்டமும் புள்ளியும் வரைந்திருப்பார்கள். புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியைத் தொடுகிறது என்று பார்த்து அதே குறி உள்ளதை வாங்குங்கள். மின்னோட்டம் குறைந்தது 500 மில்லிஆம்பியர் இருக்கட்டும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் தீங்கில்லை. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த என்இஎஸ் (ஃபேமிகாமின் அமெரிக்க வடிவம்) பெட்டியின் அடாப்டரை மட்டும் இதில் போடாதீர்கள், அது ஏசி கொடுப்பது.

அடாப்டர் சரி, ஆனாலும் விளக்கு இல்லை என்றால்: பவர் சுவிட்சை இருபது முப்பது முறை தள்ளித் தள்ளி இழுங்கள். உள்ளே படிந்த களிம்பு அதிலேயே உரசிப் போய்விடுவதுண்டு. போகாவிட்டால் மூடியைக் கழற்றி சுவிட்சின் இடுக்கில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு மீண்டும் தள்ளுங்கள். இந்தச் சின்ன வேலையிலேயே உயிர் பெற்ற பெட்டிகள் நிறைய.

அடுத்தது பவர் ஜாக். பின்னால் சொருகும் இடம் ஆடினால் உள்ளே ஈயப் பற்று விட்டுப்போயிருக்கும். ஈயம் வைக்கத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

அதற்கும் அடுத்தது 7805. பலகையின் ஓரத்தில், பெரும்பாலும் ஓர் அலுமினியத் தகட்டோடு சேர்த்து முடுக்கிய மூன்று கால் துண்டு அது; அடாப்டர் வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தருவது. எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க வைத்தால் இடக்காலில் அடாப்டர் வோல்ட் வர வேண்டும், நடுக்கால் தரை (கிரவுண்ட்), வலக்காலில் 5 வோல்ட் வர வேண்டும். இடப்பக்கம் 9 வந்து வலப்பக்கம் 4.75-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் 7805 போய்விட்டது. விலை மிகக் குறைவு, ஊட்டி மெயின் பஜார் அளவிலான எந்தக் கடைத்தெருவிலும் ரேடியோ பழுது பார்ப்பவரிடம் கிடைக்கும்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்: புதிய 7805 போட்டதும் அது கை வைக்க முடியாத அளவு உடனே கொதித்தால் பலகையில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி 2: விளக்கு எரிகிறது, திரையில் புள்ளி மழை அல்லது ‘நோ சிக்னல்’

பெட்டியின் பின்னால் என்ன துளை இருக்கிறது என்று பாருங்கள்.

ஆன்டெனா வயர் மட்டும் இருந்தால்: தொலைக்காட்சியை ஏவி-யில் வைத்துவிட்டுத் தேடினால் கிடைக்காது. அனலாக் ட்யூனிங்கில் போட்டு விஎச்எஃப் பட்டையின் கீழ் முனையிலிருந்து கையால் மெல்ல நகர்த்துங்கள். தானியங்கித் தேடல் பல நேரம் இந்தப் பலவீனமான அலையைத் தாண்டி ஓடிவிடும். பெட்டியின் பின்னால் சின்னத் தள்ளு சுவிட்ச் இருந்தால் அதை மாற்றி இன்னொரு முறை தேடுங்கள். வயரின் நடுவில் ‘டிவி, கேம்’ என்று சுவிட்ச் வைத்த குட்டிப் பெட்டி இருந்தால் அதை விலக்கிவிட்டு நேரடியாகச் சொருகிப் பாருங்கள். அந்தக் குட்டிப் பெட்டிகள் இத்தனை மழைக்குத் தாக்குப்பிடிப்பதில்லை.

மஞ்சள், வெள்ளை அல்லது சிவப்புத் துளைகள் இருந்தால்: மஞ்சள் படம், மற்றது ஒலி. துளையின் உட்புறம் மங்கிப் பச்சையாக இருந்தால் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். இன்றைய தொலைக்காட்சிகளில் மூன்று துளைகளுக்குப் பதில் ஹெட்போன் துளை போன்ற ஒன்றே ஒன்று இருக்கும். அதற்கான பிரிப்பு வயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளில் படம் வராவிட்டால் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை.

எச்டிஎம்ஐ மாற்றி வாங்கிப் பொருத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். படம் வரும். ஆனால் மலிவான மாற்றிகள் படத்தைத் தாமதமாகக் காட்டும். மரியோ பள்ளத்தில் விழுந்த பிறகுதான் நீங்கள் குதித்தது திரையில் தெரியும். பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்று கிடைக்குமானால் அதையே தேடி எடுங்கள். ரிசார்ட்டுகளும் பழைய பங்களாக்களும் சாமான்களைக் கழிக்கும்போது அவை வெளியே வருகின்றன.

அறிகுறி 3: ஒரே நிறத் திரை, அல்லது கட்டம் கட்டமாகச் சிதறிய எழுத்துகள்

மலை ஊர்களில் பத்துக்கு எட்டுப் புகார் இதுதான். சாம்பல் திரை, பச்சைத் திரை, பாதி மரியோவும் பாதிச் செங்கல்லும், மெனுவில் எழுத்துகள் இடம் மாறிக் கிடப்பது என இவை எல்லாம் ஒரே குடும்பம். பெட்டிக்கும் கேசட்டுக்கும் நடுவே 60 தொடர்புகள் இருக்கின்றன, பக்கத்துக்கு 30. அதில் ஒன்று விட்டாலும் திரை குழம்பும்.

முதலில் ஒரு வேண்டுகோள்: ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான். ஜூலை மழையில் பள்ளிக்கு விடுமுறை விட்ட காலையில், அண்ணன் ஊதித் தம்பி ஊதி எல்லோரும் ஊதியே கான்ட்ரா ஆட்டத்தை ஓடவைத்தோம். அப்போது ஓடியதற்குக் காரணம் ஊதியது அல்ல, கேசட்டை எடுத்து மறுபடி சொருகியதில் தொடர்பு உரசிச் சரியானதுதான். வாயிலிருந்து போன ஈரம் அன்றே களிம்புக்கு வித்திட்டுவிட்டது. ஏற்கெனவே காற்றில் ஈரம் நிற்கும் ஊரில் நாமும் சேர்த்து ஊத வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. கேசட்டின் பித்தளை நிறப் பற்களைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் தூசியும் கறுப்பும் என்றால் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பல்லின் நீளவாக்கில் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். குச்சி கறுப்பாக வருவது நிற்கும்வரை புதிது புதிதாக எடுங்கள். இரு பக்கமும் மறக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சொருகுங்கள்.

பச்சைக் களிம்பு தடிப்பாக இருந்தால் முதலில் வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டு, உதிர்ந்த துகளைத் தட்டிவிட்டு, பிறகு ஆல்கஹால். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அந்தப் பற்களின் மேல்பூச்சு மிக மெல்லியது, அது போனால் அடுத்த மழைக்கே செம்பு கறுத்துவிடும். பித்தளை விளக்குக்குப் போடுவதுபோல் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்த கேசட்டுகளையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பளபளக்கும். புளிப்பு இடுக்கில் தங்கி உள்ளிருந்து அரிக்கும்.

கேசட்டைத் துடைத்தும் மாற்றம் இல்லை என்றால், நன்றாக ஓடும் என்று தெரிந்த இன்னொரு கேசட்டைப் போடுங்கள்.

அதுவும் ஓடவில்லை என்றால் குறை பெட்டியின் சொருகுவாயில். தபால் அட்டை போன்ற கெட்டியான அட்டையை மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி, ஆல்கஹால் நனைத்து, மின்சாரம் இல்லாத நிலையில் சொருகுவாயில் விட்டு மேலும் கீழும் இழுங்கள். துணி சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். உள்ளே பட்டைகள் தளர்ந்து அகன்றிருந்தால் மூடியைத் திறந்து மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றையும் மயிரிழை அளவு உள்நோக்கி வளைக்கலாம். கண்ணும் கையும் நிதானமாக உள்ளவர்கள் மட்டும் செய்யுங்கள். ஒரு பட்டை உடைந்தால் சொருகுவாய் முழுவதையும் மாற்ற வேண்டும், 60 இடங்களில் ஈயம் எடுத்து வைக்கும் வேலை அது.

அந்த இன்னொரு கேசட் ஓடி, உங்கள் கேசட் மட்டும் ஓடவில்லை என்றால் கேசட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே கால்கள் உள்ள சிப்புகள் தெரிந்தால் நம்பிக்கை உண்டு; ஈயம் விட்ட கால்களைத் தெரிந்தவர் தொட்டுவைத்தால் பெரும்பாலும் சரியாகும். பலகையின் நடுவில் கறுப்புப் பசைச் சொட்டு மட்டும் தெரிந்தால் சிப் அதற்கு உள்ளே இருக்கிறது, எந்த நிபுணராலும் திறக்க முடியாது. அந்தக் கேசட்டுக்காகப் பணம் செலவழிக்காதீர்கள். ஆனால் எறியவும் செய்யாதீர்கள். ‘9999999 இன் 1’ என்று அச்சடித்து, அதே சில ஆட்டங்களை வேறு வேறு பெயரில் திருப்பித் திருப்பி அடுக்கிய அந்த வண்ணச் சீட்டு இனி எங்கும் அச்சாகப்போவதில்லை. நம் சிறுவயதின் ஆவணம் அது. ஓடாத கேசட்டுகளையும் நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டு கேசட்டும் ஓடவில்லை, சொருகுவாயும் சுத்தம் என்றால் பெட்டியின் பலகையைப் பாருங்கள். அங்கேயும் கறுப்புச் சொட்டாக இருந்தால் அதே பதில்தான். தனித்தனிச் சிப்புகள் உள்ள பழைய வகை என்றால் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போவது வீண் அல்ல.

துடைத்த பிறகு பாதுகாப்பது: காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மழைக்கு முன் பொட்டலத்தை மாற்றுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், சில வகை பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும்.

அறிகுறி 4: படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது, அல்லது உருள்கிறது

இது பழுது அல்ல, முறை வேறுபாடு. நம் நாட்டுத் தொலைக்காட்சி பால் (PAL) முறை, நொடிக்கு 50 முறை வரைவது. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பெட்டி என்டிஎஸ்சி (NTSC) முறை, நொடிக்கு 60 முறை. தொலைக்காட்சியின் மெனுவில் ‘கலர் சிஸ்டம்’ என்பதை ஆட்டோவில் வையுங்கள். மெனுவே இல்லாத பழைய தொலைக்காட்சி என்றால் பின்னால் உள்ள வி-ஹோல்டு திருகை மெல்லத் திருப்பினால் உருள்வது நிற்கும், நிறம் வராது. இரு முறையும் ஏற்கும் தொலைக்காட்சியை மாற்றுவதே வழி. பெட்டிக்குள் எதையும் மாற்றச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 5: ஜாய்ஸ்டிக் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை

கழற்றிச் சொருகும் வகை என்றால் முதலில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். குறை ஜாய்ஸ்டிக்கோடு சேர்ந்து இடம் மாறினால் ஜாய்ஸ்டிக், அதே துளையில் நின்றுவிட்டால் பெட்டி. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இல்லை என்பது பழுது அல்ல. ஃபேமிகாமிலேயே அப்படித்தான், பல நகல்களும் அதைப் பின்பற்றின. ஆட்டத்தை எப்போது நிறுத்தலாம் என்ற அதிகாரம் மூத்தவர் கையில் மட்டும் இருந்ததற்கு அதுவே காரணம்.

எல்லாப் பொத்தான்களையும் ஒரே மூச்சில் சோதிக்கக் கான்ட்ராவின் தலைப்புத் திரை உதவும். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, பிறகு ஸ்டார்ட். 30 உயிர் வந்தால் நான்கு திசையும் இரண்டு பொத்தானும் நலம். பல ஆட்டங்கள் அடங்கிய கேசட்டுகளில் உயிர் எண்ணிக்கையை முன்பே மாற்றியிருப்பார்கள் என்பதால் அவற்றில் இந்தச் சோதனை செல்லாது. ‘டேங்க்’ என்று நாம் ஆடிய பேட்டில் சிட்டியைப் போட்டு நான்கு திசையும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு திசை அல்லது ஒரு பொத்தான் மட்டும் மந்தம் என்றால்: திருகுகளைக் கழற்றி ரப்பர்த் தாளை எடுங்கள். அதன் அடியில் உள்ள கறுப்புப் புள்ளியும் பலகையில் அது தொடும் இடமும்தான் காரணம். இரண்டையும் ஆல்கஹாலில் துடைத்தாலே போதும். கறுப்புப் புள்ளி தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் 6பி பென்சிலால் தேய்ப்பது சில வாரங்களுக்குத் தாங்கும். நிலைக்க வேண்டும் என்றால் பாழான டிவி ரிமோட்டின் ரப்பரிலிருந்து கறுப்புப் புள்ளியை வெட்டி எடுத்து ஒட்டுங்கள்.

எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை என்றால்: வயர். உள்ளே ஐந்து கம்பிகள், பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்கின் உடலுக்குள் நுழையும் இடத்தில்தான் அறும். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து அறுந்த பகுதியை வெட்டிவிட்டு, நிறம் மாறாமல் மறுபடி ஈயம் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நகல் பெட்டிகளின் 9 பின் துளையும் சேகாவின் 9 பின் துளையும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உள்ளே இணைப்பு வேறு. ஒன்றின் ஜாய்ஸ்டிக்கை மற்றதில் சொருகினால் பெட்டியே கெடலாம்.

அறிகுறி 6: சற்று நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது

7805-ன் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். வெப்பம் அதிகம் என்றால் அடாப்டரின் வோல்ட் அதிகமாக இருக்கலாம். பெட்டி அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 9 வோல்ட்டில் அந்தத் துண்டு 2 வாட் வெப்பம் தாங்க வேண்டும், 12 வோல்ட் கொடுத்தால் 3.5 வாட். தகட்டுக்கும் துண்டுக்கும் நடுவே வெப்பப் பசை காய்ந்திருந்தால் புதிதாகத் தடவுங்கள்.

வெப்பம் இல்லை, ஆனால் மழை மாதத்தில் மட்டும் நிற்கிறது என்றால் வீட்டு மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். காற்றில் கிளை சாய்ந்து கம்பியில் உரசும் ஊர் இது. பெட்டி நிற்கும் கணத்தில் அறை விளக்கு மங்குகிறதா என்று கவனியுங்கள். மங்கினால் ஸ்டெபிலைசர் வையுங்கள், இடி இடிக்கும்போது பிளக்கையும் ஆன்டெனா வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

ஒலியில் உறுமலும் திரையில் மெல்ல நகரும் கிடைக்கோட்டுப் பட்டையும் சேர்ந்து வந்தால் பெரிய உருளைக் கெப்பாசிட்டர் போய்விட்டது. தலை உப்பியிருக்கும், சில நேரம் உப்பாமலும் இருக்கும். அதே மதிப்பு, அதே அல்லது அதைவிட அதிக வோல்ட், துருவம் மாறாமல் பொருத்த வேண்டும். ஈயம் வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அறிகுறி 7: சேமித்த ஆட்டம் மறைந்துவிடுகிறது

நம்மிடம் உள்ள பெரும்பாலான கேசட்டுகளில் சேமிக்கும் வசதியே இல்லை. சேமிக்கும் கேசட் என்றால் உள்ளே பட்டன் பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அதன் மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள், வெடிக்கும். தகடு பற்றவைத்தே விற்கும் பேட்டரியை வாங்கி மாற்றச் சொல்லுங்கள். பழைய சேமிப்பு போய்விடும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 8: துப்பாக்கியால் வாத்து விழவில்லை

எந்தத் தொலைக்காட்சியில் ஆடுகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. எல்சிடி, எல்இடி என்றால் தேடுவதை நிறுத்திவிடுங்கள். 1984-ல் வந்த டக் ஹண்ட் போன்ற ஆட்டங்களில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் பார்க்க வேண்டும். தட்டைத் திரைகள் படத்தைத் தாமதித்தே காட்டுகின்றன. எந்த மாற்றியாலும் இது சரியாகாது.

குழாய்த் தொலைக்காட்சியிலும் விழவில்லை என்றால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், அறை விளக்கை அணையுங்கள், ஓரடி முன்னே போங்கள். அதற்கும் அசையாவிட்டால் துப்பாக்கிக் குழலின் வாயில் உள்ள வில்லையை டார்ச் அடித்துப் பாருங்கள். கேமரா லென்ஸில் பிடிப்பதுபோலவே இதிலும் பூஞ்சணம் வலை பின்னியிருக்கும். துப்பாக்கியை இரண்டாகப் பிரித்து, வில்லையை எடுத்து ஆல்கஹாலில் துடைத்து, எந்தப் பக்கம் வெளியே இருந்ததோ அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள். விசையை இழுக்கும்போது ‘டக்’ என்ற ஒலி வராவிட்டால் உள்ளே சுருள்வில் இடம் மாறியிருக்கும். திறக்கும்போது அது தெறித்து ஓடும், ஒரு துணியை விரித்து அதன் மேல் வைத்துத் திறங்கள்.